அண்ணன் பெயரில் கேட்ட கம்ப்ரெசர்

நம் பள்ளிக் குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிவிட்டீர்கள். நான் மட்டும்தான் பாக்கி என்று நேற்றும் ஒருத்தி நினைவூட்டினாள். எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னை உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருப்பவர்களுக்கும், அவள் வாயே திறக்கமாட்டாள் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. மதில் ஏறிக் குதித்த கதையோ வாத்தியாரை ஏமாற்றிய கதையோ என்னிடம் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக உள்ளே கிடக்கும் ஒரு எரிச்சல்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

போன மாதம் முழுக்க நான் ஒரு ஏர்பிரஷ்ஷும் அதற்கு ஒரு கம்ப்ரெசரும் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடினேன். ஏர்பிரஷ் என்பது பேனா அளவுள்ள ஒரு கருவி. கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்று அதற்குள் புகுந்து, பெயிண்டைப் புகைபோலத் தூவும். நான் துண்டுகளாக வரும் குட்டி பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டுகிறேன். மகள் வேலைக்கு வெளியூர் போனபிறகு மூன்று வருஷமாக. இதுவரை ஏழு விமானம். ஏழும் தூரிகையால் பூசியவை. ஏழிலும் கோடு கோடாகத் தெரிகிறது.

தேர்ந்தெடுப்பது என்றால் சும்மா இல்லை. ஊசி பாயிண்ட் டூ மில்லிமீட்டர்தான் நல்லது என்கிறார் வீடியோவில் ஒருவர். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும், பாயிண்ட் த்ரீ வாங்குங்கள் என்கிறார் இன்னொருவர். கம்ப்ரெசரில் டேங்க் இல்லாதது மலிவு. ஆனால் காற்று விட்டு விட்டு வரும், மோட்டார் சீக்கிரம் சூடாகிவிடும். நம் ஊர்க் கடல்காற்றுக்குத் தண்ணீர் பிரிக்கும் குப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்டோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்பும். இதை எந்த வீடியோவிலும் அழுத்திச் சொல்வதில்லை. அவர்களில் யாரும் காரைக்காலில் குடியிருப்பவர்கள் இல்லை.

இந்த வயதில் இவளுக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த வயதில் இல்லை. எட்டாம் வகுப்பிலேயே கேட்டேன். வாய் திறந்து கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

அப்போது எங்கள் வீடு தலத்தெருவில். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. வயதானவர்கள் இன்னும் அந்த ஆபீசை 'மேரி' என்று பிரெஞ்சுப் பெயரில்தான் சொல்வார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, பிரான்ஸில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வரும்போதெல்லாம் அண்ணனுக்கு ஒரு விமானப் பெட்டி கொண்டுவருவார். பெட்டிக்குள் சட்டத்தில் ஒட்டிய துண்டுகள், ஒரு குட்டி டியூப் பசை, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் முத்திரைகள். அந்தப் பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. புது ரப்பர் செருப்பும் மருந்துக் கடையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை.

அண்ணனுக்கு அதில் துளியும் ஆசை இல்லை. அவனுக்கு கிரிக்கெட் போதும். முதல் விமானத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளையாடப் போனான். நான் எடுத்து ஒட்டி முடித்தேன். அதை அப்பா பார்த்துவிட்டு, "பய கை வேலையப் பாத்தியா, இஞ்சினியர்தான்" என்று அம்மாவிடம் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அன்றிலிருந்து அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஆகிவிட்டது. செய்வது நான், பெயர் அவனுக்கு. அதில் எனக்கும் ஆதாயம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அண்ணனுக்கு என்றால் பசை வரும், பிளேடு வரும், மேசையில் இடம் கிடைக்கும். எனக்கு என்றால் ஒரு பூத்தையல் ஊசிதான் வரும்.

அந்த வருஷம் கையில் இருந்தது ஒரு கடல் விமானம். படகு மாதிரி அடிப்பாகம், மேலே நீள இறக்கை, அதில் இரண்டு இஞ்சின். உடம்பு முழுக்க ஊசிமுனை அளவில் புடைத்த ஆணித்தலைகள். அட்டைப் படத்தில் அதன் வயிறு வெளிர் நீலம், முதுகு சாம்பல். இரண்டும் சேரும் இடத்தில் கோடே இல்லை. மழை வரும் முன்னால் நம் கடற்கரையில் நின்றால், கடல் எங்கே முடிகிறது வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாதே, அப்படி இருக்கும். அதைத் தூரிகையால் கொண்டுவர முடியவில்லை. அதற்கு முன் ஒட்டிய விமானத்தில் முயன்று, ஆணியெல்லாம் பெயிண்டில் மூழ்கி அசிங்கமாகிவிட்டது.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் தகரப் பம்பு வீட்டில் இருந்தது. அதில் சைக்கிள் பெயிண்டை மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கி, அசிங்கமான விமானத்தின் மேலேயே அடித்துப் பார்த்தேன். விமானத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. சுவரிலும், அம்மா உலர்த்தியிருந்த மிளகாயிலும், அம்மாவின் சேலையிலும் நன்றாகப் பிடித்தது. அடி அண்ணனுக்கு விழுந்தது. விறகுக் கட்டையால். விமானம் அவனுடையதுதானே. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இதுக்கு நீ எனக்கு ஒண்ணு செய்யணும்டி" என்றான். சரி என்றேன். என்ன என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தை மாதம் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கோடை லீவில் வருகிறாராம். மருமகனுக்கு இந்த முறை விமானத்தோடு அதற்குத் தேவையான சாமானும் வாங்கி வருவதாக எழுதி, ஒரு கடையின் விலைப் புத்தகத்திலிருந்து இரண்டு தாளைக் கிழித்து வைத்திருந்தார். எது வேண்டும் என்று பார்த்து வைக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல்லட்டும் என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு தாளையும் நான் பார்த்த மாதிரி எந்தப் பாடப்புத்தகத்தையும் பார்த்ததில்லை. எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. நம்மில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் ஒருத்தி, இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் அண்ணனுக்கு என்று சொன்னேன். உன்னிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். தாளில் இருந்தது இரண்டு வகை. ஒன்று சிவப்புப் பெட்டி. அதில் ஏர்பிரஷ், கீழே மாட்டும் கண்ணாடிக் குப்பி, காற்றுக்குப் பதில் வாயு அடைத்த டப்பா. இன்னொன்றில் ஏர்பிரஷ் தனி, கம்ப்ரெசர் தனி. சிவப்புப் பெட்டிதான் பார்க்க அழகு. நீயும் அதையே வாங்கச் சொன்னாய். ஆனால் டப்பா ஒரு விமானத்துக்குக்கூட வருமா என்பது சந்தேகம். தீர்ந்துபோனால் காரைக்காலில் எந்தக் கடையில் நிரப்புவார்கள்? கம்ப்ரெசர் என்றால் கரண்டு இருக்கும்வரை காற்று. நான்கு நாள் யோசித்து முடிவு செய்தேன். கம்ப்ரெசர்தான். அதன் எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதி அண்ணன் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு தரம் சொல்லிக் காட்டச் சொன்னேன். சரியாகச் சொன்னான்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு கடைத்தெருவில் இருந்த டெலிபோன் பூத்துக்கு மாமா போன் செய்வார். நாங்கள் நால்வரும் குளித்து நல்ல துணி உடுத்திக்கொண்டு போவோம். முகம் தெரியாத போனுக்கு நல்ல துணி எதற்கு என்று அப்போது தோன்றியதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். அம்மா பேசினாள், அப்பா பேசினார், பிறகு அண்ணன் போனான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை எடுத்தான். ஏதோ சொன்னான். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்தான். தாளை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னான். வெளியே வந்ததும், "சொல்லிட்டேன்" என்றான். "கம்ப்ரெசர்தானே?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன்னு சொன்னேன்ல" என்றான்.

பிறகு நான்கு மாதம். கடல் விமானத்தை ஒட்டி முடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தேன். பெயிண்ட் அடிக்காமல், வெள்ளையாக. கம்ப்ரெசர் வைக்க மாடிப்படிக்குக் கீழே இடம்கூடப் பார்த்துவைத்தேன். அங்கே ஒரு பிளக் இருந்தது.

மாமா வந்த அன்று கூடத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தார். வெளிநாட்டுப் பெட்டி திறக்கும் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சோப்பு, சென்ட், சாக்லேட், யாருக்கும் பிடிக்காத பாலாடைக்கட்டி, எனக்கு முத்து வைத்த இரண்டு கிளிப். எல்லாம் வெளியே வந்தது. பெட்டியில் கம்ப்ரெசர் கிடக்கும் அளவுக்கு இடமே இல்லை. கடைசியில் ஒரு வாக்மேனும் அந்தச் சிவப்புப் பெட்டியும் வந்தன.

"கம்ப்ரெசர் பத்துக் கிலோ, அத்தான். அதத் தூக்குனா வேற ஒண்ணும் வராதுன்னு மாப்ளகிட்ட போன்லயே சொன்னேன். வெவரமான பய. அப்ப அது வேணாம் மாமா, சின்னதே எடுங்க, மிச்ச எடத்துல வாக்மேன் வச்சிருங்கன்னுட்டான்."

மாமா இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்று செய்யணும் என்று சொன்னானே, அது இதுதான் என்று எனக்குப் புரிந்தது. நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வரும் எதையும் அது எதற்கு உதவும் என்று பார்ப்பதில்லை. எத்தனை கிலோ என்றுதான் பார்ப்பார்கள். என் நான்கு நாள் யோசனையில் கிலோ வரவில்லை. அது என் தப்பு.

சரி, ஒரு டப்பாவாவது இருக்கிறதே, ஒரு விமானத்தின் வயிற்றுக்காவது வரும் என்று சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். டப்பா இருக்கவேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

"அத ஏர்ப்போர்ட்லயே புடுங்கிட்டான்" என்றார் மாமா. "வெடிச்சிருமாம். வெறும் காத்துதான, விடுங்க. நம்மூர்ல இல்லாத காத்தா?"

அதற்கும் சிரித்தார்கள். ஏர்பிரஷ்ஷை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளி மாதிரி மின்னியது. விரல் வைக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் மெதுவாக உள்ளே போய் வந்தது. அவ்வளவு நன்றாகச் செய்த ஒரு பொருளை நான் அதுவரை தொட்டதில்லை. அதன் வாலில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அந்தக் குழாய்க்கு அப்புறம் ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. லாரி டியூபில் காற்று நிரப்பி, அதன் வாயில் இந்தக் குழாயைப் பொருத்தினால் காற்று வருமே என்று தோன்றியது. பட்டினச்சேரிப் பக்கம் பிள்ளைகள் டியூபைப் போட்டுக் கடலில் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன், எவ்வளவு காற்று பிடிக்கும் என்று தெரியும். சைக்கிள் கடையில் வாயைப் பொருத்தித் தருவார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். குற்ற உணர்ச்சியோ என்னவோ, அவன் ஓடிப்போய் அப்பாவிடம் தன் யோசனையாகச் சொன்னான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் டியூப் எதற்கு, தெரிந்த பீரோ பட்டறையில் கம்ப்ரெசரே இருக்கிறதே, அங்கேயே அடித்துவிடலாம் என்றார்.

மறுநாள் அண்ணனுக்கு மேட்ச். அதனால் அப்பாவின் மொபெட்டின் பின்னால் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

பட்டறையில் பாதி பெயிண்ட் அடித்த பீரோக்கள் வரிசையாக நின்றன. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. பட்டறைக்காரர் ஏர்பிரஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாங்க சார் இது, காது கொடயறதா?"

"பிரான்ஸ் சாமான்யா. பெயிண்ட் அடிக்கிறது. மச்சான் கொண்டாந்தது."

அவருடைய குழாயின் வாய் விரல் தடிமன். ஏர்பிரஷ் குழாயின் வாய் தீக்குச்சித் தடிமன். துணி சுற்றினார், கம்பி கட்டினார், பொருந்தவில்லை. "விடுங்க சார், நம்ம ஸ்ப்ரே கன்லயே அடிச்சுத் தர்றேன். பீரோவே அடிக்கிறோம், இது என்ன" என்று விமானத்தின் வாலில் கம்பியைக் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார். சாம்பல் பெயிண்டில் தின்னரை ஊற்றிக் கலக்கினார்.

தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் என்னவாகும் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மிச்சத் துண்டு ஒன்றை வீட்டில் தின்னரில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் அது வெல்லப்பாகு. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது உருகிடும்ப்பா" என்றேன். கம்ப்ரெசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே என் குரல் கேட்கவில்லை.

காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பட்டறைக்காரர் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றது. தெருவில் போகும் சைக்கிள் மணிகூடக் கேட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நன்றாக, முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"என்ன பாப்பா? ஏதோ சொன்னியே?"

பட்டறைக்காரரும் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பெரிய ஆண்கள், நான் சொல்வதைக் கேட்க. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் மிளகாய், சேலை, அண்ணன் வாங்கிய அடி, எல்லாம் வெளியே வரும். இத்தனை வருஷமாக அண்ணன் பெயரில் இருந்ததெல்லாம் என்னுடையது என்று வரும்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

முதல் வீச்சில் விமானம் கொக்கியில் சுழன்றது. மூன்றாவது வீச்சில் அறுந்து மண்ணில் விழுந்தது. துடைத்து மறுபடி கட்டி அடித்தார். பீரோவுக்கு விழுவது மாதிரியே சாம்பல் நிறம், சுத்தியலால் தட்டியது போன்ற புள்ளிகள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இறக்கை இரண்டும் தொங்கிவிட்டன. ஆணிகள் கரைந்து போயின. விமானி உட்காரும் கண்ணாடி பால்போல வெளுத்தது.

அப்பாவுக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. பளபளவென்று இருக்கிறது என்று ஷோகேஸில் நடுத்தட்டில் வைத்தார். வந்தவர்களிடமெல்லாம் பையன் செய்தது என்று காட்டினார். பார்த்தவர்கள், இறக்கை தொங்குவதுகூட அப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டினார்கள். நான் வயதுக்கு வந்து, பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகிப் போகும்வரை அது அங்கேயே இருந்தது. ஏர்பிரஷ் எங்கே போயிற்று என்று தெரியாது. அதன் கண்ணாடிக் குப்பியில் அம்மா ரொம்ப நாள் குங்குமம் வைத்திருந்தாள்.

இப்போது யோசித்தால் அப்பா மேல் கோபம் வரவில்லை. லீவு நாளில் மொபெட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தவர். சத்தம் நின்றதும் திரும்பி என்ன என்று கேட்டவரும் அவர்தான். நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் அப்படிக் கேட்டார்கள்? அண்ணன் மேல் கொஞ்சம் இருக்கிறது. இப்போது அவனும் பிரான்ஸில்தான் இருக்கிறான், போன வருஷம் போனில் பேசியபோது கேட்டேன். அவனுக்கு வாக்மேன் நன்றாக ஞாபகம் இருக்கிறது. விமானம் ஞாபகம் இல்லையாம். "நானா ஒட்டுனேன் அதெல்லாம்?" என்று ஆச்சரியப்பட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்தபிறகு ஒரு நாள் முழுக்க என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

போன வாரம் ஒரு வழியாக முடிவு செய்து சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். பாயிண்ட் த்ரீ ஊசி, மேலே கிண்ணம் வைத்த ஏர்பிரஷ். டேங்க் வைத்த கம்ப்ரெசர், தண்ணீர் பிரிக்கும் குப்பியோடு. தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார்.

"யாருக்கும்மா, பையனுக்கா?"

"ஆமாங்க" என்று வாய் தானாகச் சொன்னது. எனக்குப் பையனே கிடையாது.

"அப்ப எதுக்கும்மா இவ்ளோ பெருசு? பசங்களுக்கு டேங்க் இல்லாததே போதும். லைட் வெயிட்டு, குரியரும் சுலபம். அதையே போட்டுர்றேன்."

"சரிங்க" என்றேன். போனை வைத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை, இரண்டாம் முறை போட்டேன். நாற்பத்தெட்டு வயது. முன்னால் யாரும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை, முகம்கூடத் தெரியாத ஒரு தம்பி. அவரிடமும் சரிங்க.

அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி அதே எண்ணுக்குப் போட்டேன்.

"தம்பி, கொஞ்சம் முன்னாடி காரைக்கால்லேர்ந்து பேசுனேன். அது பையனுக்கு இல்ல. எனக்கு."

"ஓ, உங்களுக்கா? சாரிம்மா. சொல்லுங்க."

சொன்னேன். டேங்க் ஏன் வேண்டும், கடலோரத்தில் குப்பி ஏன் வேண்டும், ஏழு விமானத்தில் கோடு விழுந்தது, எல்லாம். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி உங்களில் யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், டேங்க் வைத்தது இப்போது ஸ்டாக் இல்லை, வர மூன்று வாரம் ஆகும் என்றார். அதே விலையில் வேறு ஒன்று இருக்கிறது, நாளைக்கே அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் தம்பி. மூணு வாரம் ஆனாலும் அதேதான் வேணும். மாத்தி எதையும் அனுப்பிராதீங்க."